மோச்சேவா, நாஸ்காவா?

லீமாவின் லார்கோ அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, எதை முதலில் பார்ப்பது என்று குழம்புவோருக்கு. இரண்டுமே பெருவின் பண்டைய நாகரிகங்கள்; இங்கே ஒப்பிடுவது அவற்றின் மண்பாண்டங்களை.

வடிவம்: வடகடற்கரை மோச்சே, அச்சில் எடுத்த சிற்பம்; ஆந்தை, நரி, கடல்சிங்கம் அப்படியே உட்கார்ந்திருக்கும். தென்கடற்கரை நாஸ்கா, உருண்டைக் குடுவை; ஊற்ற இரண்டு மூக்கு, அவற்றை இணைக்கும் பாலம் போன்ற கைப்பிடி.

நிறம்: மோச்சேவில் பெரும்பாலும் சிவப்பும் வெளிர்மஞ்சளும்தான். நாஸ்காவில் பத்துக்கும் மேல்! சுடுவதற்கு முன்பே பூசியதால் இன்றும் பளிச்.

விலங்கு: மோச்சேவில் கழுத்தில் கயிறு கட்டிய மான், கைதி போல. நாஸ்காவில் வெட்டிய மனிதத் தலையைப் பிடித்திருக்கும் ஓர்க்கா திமிங்கிலம். கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

சரி, முகபாவமும் கதையும் பிடித்தால் மோச்சே. வண்ணம், கோடு என்று வரைபவர்கள் நேராக நாஸ்காவுக்குப் போங்கள். என் ஓட்டு மானுக்கு.