குடல் நோயாளிகளுக்கான மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு: 6,000 ரூபாய்க்குத் தகுமா?

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலின் உள்சுவரில் அழற்சியும் புண்ணும் வரும் நாள்பட்ட நோய்) இருக்கிறது என்று சொன்னால் போதும், எல்லோரும் ஒரே மருந்தைத்தான் எழுதித் தருவார்கள்: "டென்ஷனைக் குறைச்சுக்கோ, எல்லாம் சரியாயிடும்." மாமா சொன்னார், மேனேஜர் சொன்னார், வீட்டுக்கு ரத்தம் எடுக்க வந்த லேப் பையன்கூடச் சொன்னான். அதனால் கொலைட்டிஸுக்கும், அதன் உறவுக்கார நோயான கிரோன்ஸுக்கும் என்றே ஒரு மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு, அதாவது இந்த நொடியில் உடம்பிலும் மனதிலும் நடப்பதை அப்படியே கவனிக்கும் தியானப் பயிற்சி, நடக்கிறது என்று வாட்ஸப் குழுவில் தகவல் வந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. மனைவிதான் பணம் கட்டிவிட்டாள். எட்டு வாரம், ஞாயிறு காலை ஜூமில் இரண்டரை மணி நேரம், நடுவே ஒரு முழுநாள். கட்டணம் 6,000 ரூபாய். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு தியானத்துக்கு ஆன்லைனில் காசு கட்டுகிறாயா என்று சிரிக்காத நண்பன் இல்லை.

பயிற்சி தருபவர் மனநல ஆலோசகர். பெங்களூரில் வேலை, பேச்சில் சேலம். முதல் வகுப்பில் அவர் சொன்ன முதல் விஷயம்: "இந்த நோயை உங்க மனசு வரவழைக்கல." உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் குடலையே தாக்குவதால் வரும் அழற்சி இது, மன அழுத்தம் அதைக் கிளறிவிடலாம், ஆனால் குற்றவாளி நீங்கள் இல்லை என்று விளக்கினார். மெசலமைனோ அசாதியோபிரினோ, டாக்டர் கொடுத்த எதையும் இந்த வகுப்பை நம்பி நிறுத்தக் கூடாது என்பதை வாராவாரம் சொன்னார். கட்டணத்தில் பாதி எனக்கு அங்கேயே வசூலாகிவிட்டது. மாமாவுக்கும் அந்தப் பதிவை அனுப்பலாமா என்று கேட்டேன், தனியுரிமை என்று மறுத்துவிட்டார்.

பாடம் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வாரத் திட்டம்தான் அடிப்படை. மருந்தால் மட்டும் தீராத நாள்பட்ட வலியோடு வருகிறவர்களுக்காக உருவானது. பாடி ஸ்கேன் (மெஷின் ஸ்கேன் இல்லை, உடம்பின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தைக் கொண்டு போவது), மூச்சைக் கவனித்து உட்காருவது, மெதுவான யோகா, நடைத் தியானம், தினமும் முக்கால் மணி நேர வீட்டுப் பயிற்சி. வழக்கமாக முதல் வாரத்தில் ஓர் உலர் திராட்சையைக் கையில் கொடுத்து, பார்த்து, முகர்ந்து, மெல்ல மென்று தின்னச் சொல்வார்கள். எங்கள் குழுவில் கிரோன்ஸ் நோயால் குடல் குறுகியிருக்கும் ஒருவர் இருந்தார். தோலும் நாரும் உள்ள உலர்பழம் அவருக்கு ஆகாது. எல்லோருக்குமே கனிந்த வாழைப்பழத் துண்டாக மாற்றிவிட்டார்கள். நோயைத் தெரிந்தவர்கள் நடத்துகிறார்கள் என்ற நம்பிக்கை எனக்கு அதில்தான் வந்தது.

பாடி ஸ்கேனில் கால் விரலில் தொடங்கி மேலே வரும்போது முழங்கால், தொடை வரை எனக்குச் சிக்கல் இல்லை. வயிற்றுக்கு வந்ததும் மனம் தாவி நெஞ்சுக்குப் போய்விடும். குழுவில் பலருக்கும் அப்படித்தான். எங்களுக்கு வயிறு என்றால் கெட்ட செய்தி வரும் இடம், அங்கே யார் போய் உட்காருவார்கள்? பயிற்சி தருபவர் கட்டாயப்படுத்தவில்லை. வயிற்றுக்குப் பக்கத்தில் இடுப்பெலும்பு வரை வந்துவிட்டுத் திரும்புங்கள், முடிந்த அன்றைக்கு உள்ளே போங்கள் என்றார். பொதுவான தியான ஆப்களில் இந்த நிதானம் கிடையாது. "வயிற்றைத் தளர்த்துங்கள்" என்று ஒரே வரியில் கடந்துவிடும்.

நான் மோட்டார் பம்ப் கம்பெனியில் சேல்ஸ். பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் என்று டீலர் கடைகளுக்கு அலையும் வேலை. எந்த பெட்ரோல் பங்கில் பாத்ரூம் திறந்திருக்கும், எந்த ஹோட்டலில் சாப்பிடாமலே உள்ளே விடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நோய் அடங்கியிருக்கும் மாதங்களில்கூட வண்டிச் சாவியை எடுத்ததும் அவசரம் வந்துவிடும். போய் உட்கார்ந்தால் ஒன்றும் இருக்காது. நாலாவது வார வகுப்பு முழுக்க இந்த அவசரத்தைப் பற்றித்தான். வயிறு முறுக்கும்போது நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம், தோள் ஏறுகிறது, அடிவயிறு இறுகுகிறது. அந்த இறுக்கத்தையே குடல் அழைக்கிறது என்று எடுத்துக்கொண்டு பயப்படுகிறோம், பயத்தில் இன்னும் இறுகுகிறோம். அந்த நேரத்தில் நின்று, உள்ளங்கால் தரையில் படுவதைக் கவனித்து, மூச்சை வெளியே விட்டு, முறுக்கல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார். பல நாள் அது தானாக இறங்குகிறது. இறங்காவிட்டால் ஓடிவிட வேண்டும். இது அடக்கிக்கொள்ளும் பயிற்சி இல்லை, ரத்தம் போகும் நாட்களில் இதைச் செய்து பார்க்கவே வேண்டாம் என்றும் சொன்னார்.

இப்போதும் எனக்குப் பாத்ரூம் கணக்கு இருக்கிறது. ஆனால் கிளம்பும் முன் வீட்டுக்குள் திரும்பத் திரும்ப ஓடுவது நன்றாகக் குறைந்துவிட்டது. தாராபுரம் டீலர் "என்ன சார், டீ சாப்பிடுற அளவுக்கு வந்துட்டீங்க" என்றார். காபி இன்னும் தொடவில்லை, அது வேறு கதை.

ஸ்டீராய்டு சாப்பிடும் காலத்துக்கும் இது உதவுகிறது. அந்த மாத்திரை தூக்கத்தைத் தின்னும் என்பது சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். நடுராத்திரி விழித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பதற்குப் பதில் பாடி ஸ்கேன் போட்டுக்கொள்ளலாம். பாதியில் தூங்கிவிட்டால்? தூங்குங்கள் என்றார்.

குறைகளும் இருக்கின்றன. பெரியது, அந்த முழுநாள் அமர்வு. ஆறாவது வாரத்துக்குப் பிறகு காலையிலிருந்து மாலை வரை மௌனம், கேமராவை அணைக்கக் கூடாது என்று ஒரு விதி. இந்த நோய்க்காரர்களிடம் இப்படி ஒரு விதியைப் போட யாருக்குத் தோன்றியதோ! ஒவ்வொருவராக எழுந்து போவதை எல்லோரும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். மதியம் இடைவேளையில் ஒரு அம்மா கோபமாகக் கேட்ட பிறகுதான் விதி தளர்ந்தது. வீட்டுப் பயிற்சிக்குத் தரும் தமிழ் ஒலிப்பதிவும் சரியில்லை. வகுப்பில் அவ்வளவு இயல்பாகப் பேசுகிறவர், பதிவில் "தங்களது கவனத்தை இடது பாதத்தின் பெருவிரலுக்குக் கொண்டு செல்லுங்கள்" என்று ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி வாசிக்கிறார். நான் ஜூம் வகுப்பில் அவர் பேசியதை நினைவில் வைத்துக்கொண்டே செய்தேன். முக்கால் மணி நேரமும் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கஷ்டம். என்னால் பாதி நேரம்தான் முடிந்தது, அதற்கே பலன் தெரிந்தது.

நோய் குறையுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன், வகுப்பிலேயே காட்டினார்கள். 2014-இல் வெளியானது. நோய் அடங்கியிருந்த 55 அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் செய்தது. இதே எட்டு வாரப் பயிற்சி நோய் மறுபடி கிளம்புவதைத் தடுக்கவில்லை. ஆனால் கிளம்பியபோது, பயிற்சி பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் மற்றவர்கள் அளவுக்குச் சரியவில்லை. விற்கிறவர்களே இதைக் காட்டியது எனக்குப் பிடித்திருந்தது. குடல் அழற்சியைக் காட்டும் மலப் பரிசோதனையான கால்ப்ரொடெக்டினில் என் அளவிலும் வகுப்புக்கு முன், பின் என்று சொல்லும்படி வித்தியாசம் இல்லை. கேஸ்ட்ரோ டாக்டரிடம் சொன்னேன். "நல்லது, மாத்திரையைத் தொடருங்க" என்று அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

காசு இல்லை, ஆங்கிலம் வரும் என்றால் டேவ் பாட்டர் என்பவர் உருவாக்கிய பலூஸ் மைண்ட்ஃபுல்னஸ் என்ற எட்டு வார ஆன்லைன் பாடம் முழுக்க இலவசம். வீடியோவும் ஒலிப்பதிவும் இருக்கின்றன, சொந்த வேகத்தில் போகலாம். குடல் நோய்க்கென்று செய்தது இல்லை, அதனால் அவசரம், பாத்ரூம் பயம் எதற்கும் அங்கே தனிப் பேச்சு கிடையாது. தன்னந்தனியாகவும் செய்ய வேண்டும். எனக்கு 6,000 ரூபாயின் மீதிப் பாதி போனது அந்தக் குழுவுக்குத்தான். மோஷனைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை காலையில் முகம் சுளிக்காமல் பேச வேறு எங்கே ஆள் கிடைக்கும்?

புதிதாக நோய் தெரிந்து இன்னும் ரத்தப்போக்கு நிற்காதவர்கள் அவசரப்பட்டுச் சேர வேண்டாம், முதலில் மருந்து பிடிக்கட்டும். மனச்சோர்வு அதிகமாக இருப்பவர்கள் சேருமுன் பயிற்சி தருபவரிடம் தனியாகப் பேசிவிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. நோய் அடங்கியும் பயம் அடங்காதவர்கள் தாராளமாகச் சேரலாம். அடுத்த பேட்ச் தை பிறந்ததும் என்றார்கள். சேரும்போதே அந்தக் கேமரா விதியைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.