வெயில் காலப் பட்டறை: ஃபேனா, கூலரா, ஏசியா, கூரையா?

பெடஸ்டல் ஃபேன், எக்ஸாஸ்ட், ஏர் கூலர், போர்ட்டபிள் ஏசி, ஸ்பிலிட் ஏசி, கூரைக்கு வெள்ளை அடிப்பது, இது எதுவுமே வேண்டாம் என்று விடியற்காலையில் எழுந்து வேலை பார்ப்பது. இந்த ஏழையும் வெவ்வேறு வெயில் காலங்களில் முயன்று பார்த்துவிட்டேன். படுக்கையறைக்கு எது நல்லது என்று கேட்டால் பதில் சுலபம். மரப்பட்டறைக்கு அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் அங்கே நம்மோடு மரமும் இரும்பும் தூசியும் குடியிருக்கின்றன. நமக்குச் சுகமாக இருப்பது பல நேரம் அவற்றுக்கு ஆகாது.

முதலில் ஃபேன். எல்லோரும் தொடங்குவது இங்கேதான். நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி செல்சியஸ். அறைக் காற்று அதற்குக் கீழே இருக்கிற வரை ஃபேன் இரண்டு வேலை செய்யும், உடம்பின் சூட்டையும் எடுக்கும், வியர்வையையும் உலர்த்தும். அதைத் தாண்டினால் வியர்வை உலர்வது மட்டும்தான் மிச்சம். 40 டிகிரிக்கு மேல் போனால் ஃபேன் போடாதீர்கள், அது உடம்பைச் சூடாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் 40 என்பது பெரிய விஷயமே இல்லை.

அதைவிடப் பெரிய தொல்லை தூசி. ரம்பத்தூளும் இழைப்புச் சீவலும் கனம், கீழே விழுந்துவிடும். உப்புத்தாள் தேய்க்கும்போது வருகிற கண்ணுக்குத் தெரியாத தூசி மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும், அலமாரி மேலே போய் உட்கார்ந்ததையும் ஃபேன் திரும்பக் கிளப்பிவிடும். மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. ஆனால் புழுக்கத்தில் நாம் முதலில் கழற்றி எறிவது எதை? மாஸ்க்கைத்தான். அடுத்தது கண்ணாடியை, ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை என்று. வெக்கையின் உண்மையான ஆபத்து எனக்கு அங்கேதான் தெரிகிறது. ஃபேன்தான் கதி என்றால் முதுகுக்குப் பின்னால் வைக்காதீர்கள், உடம்பில் பட்டுச் சுழன்று தூசி நேராக மூக்குக்கு வரும். பக்கவாட்டில் வைத்துக் காற்றை வாசல் பக்கம் போக விடுங்கள். வார்னிஷ் பூசும் நாளில் அதைத் தொடவே வேண்டாம்.

எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு என் மதிப்பெண் இதைவிடக் கூட. வெளிக்காற்றைவிட உள்ளே குளிர்ச்சியாக்க அதனால் முடியாது, ஆனால் வெயிலில் காய்ந்த பட்டறை பெரும்பாலும் வெளியைவிடச் சூடாகத்தான் இருக்கும், அந்த வித்தியாசத்தை அது இழுத்து வெளியே தள்ளும். கூடவே மிதக்கும் தூசியும் போகும். எதிர்ச் சுவரில் தாழ்வாக, நிழல் பக்கத்தில், காற்று உள்ளே வர வழி இருக்க வேண்டும். அது இல்லாமல் சாத்திய அறையில் எக்ஸாஸ்ட் போட்டுவிட்டு ஒன்றும் குறையவில்லை என்று சொல்பவர்கள் நிறைய.

சரி, கூலர். இதைப் பற்றித்தான் நான் கொஞ்சம் கோபமாக எழுதுவேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2400 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது, அதாவது மூன்றில் இரண்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு. காற்று வறண்டிருந்தால் சில்லென்று இருக்கும், கரண்டும் குறைவு. ஆனால் ஆவியான அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? அறைக்குள்தான். ஒரு கோடை முழுக்கக் கூலர் ஓட்டினேன். டேபிள் சா, அதாவது மேசையோடு வரும் ரம்ப மிஷின், அதன் மேசை வார்ப்பிரும்பு, கண்ணாடி மாதிரி வைத்திருந்தேன். ஒரு மாலை வேலை முடித்துத் துடைக்காமல் போய்விட்டேன், மறுநாள் காலையில் பார்த்தால் நான் கை ஊன்றிய இடத்தில் ஐந்து விரலும் உள்ளங்கையும் ரேகை தெரிகிற அளவுக்குத் துருவாகப் பதிந்திருந்தன. வியர்வையில் இருக்கும் உப்பு, மேலே கூலரின் ஈரம். எண்ணெய் விட்டுத் தேய்த்து அந்தக் கையை எடுக்க எனக்கு அரை நாள் ஆயிற்று.

இரும்பையாவது தேய்த்து மீட்டுவிடலாம். மரத்தை என்ன செய்வது? காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் மரம் கடைசியில் 12 சதவீத ஈரத்தில் வந்து நிற்கும், 80 சதவீதம் என்றால் சுமார் 16. இந்த 4 சதவீதம் கேட்கச் சின்னதுதான். ஆனால் குறுக்கே அதிகம் அசையும், அதாவது ஊதிச் சுருங்கும், விதத்தில் அறுத்த 300 மில்லிமீட்டர் அகலத் தேக்குப் பலகை, அதிகம் அசையாத மரம் என்று பேர் வாங்கிய தேக்கு, அதிலேயே 2 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் மாறும். பலகை ஒரே நாளில் ஊறிவிடாது, வாரக்கணக்கில் நடக்கும் என்பது உண்மைதான். ஆனால் அறுத்த முனைகள் முதலில் குடித்துவிடும், நடுப்பகுதி பின்தங்கும். கூலர் அறையில் கச்சிதமாகப் பொருத்திய டிராயர் வறண்ட அறைக்குப் போனால் தொளதொளக்கும். மிக வறண்ட இடத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கை வேலை மட்டும் செய்பவருக்குக் கூலர் சரி. மற்றவர்களுக்கு வேண்டாம் என்பேன்.

போர்ட்டபிள் ஏசிக்கு ஒரு பத்தி போதும். ஒற்றைக் குழாய் வைத்தது அறையின் காற்றையே எடுத்து, சூட்டை ஏற்றி வெளியே ஊதுகிறது. போன காற்றுக்கு ஈடாக ஷட்டர் இடுக்கிலும் ஜன்னல் சந்திலும் வெளி வெக்கை உள்ளே வரும். நிற்கிற இடத்தில் மட்டும் குளிர்ச்சி, மேசையின் மறுமுனைக்குப் போனால் பழைய கதைதான். இடத்தையும் அடைத்துக்கொள்ளும்.

ஸ்பிலிட் ஏசி வேறு ஜாதி. குளிர்விப்பதோடு காற்றின் ஈரத்தையும் இறக்கும், மரத்துக்கும் இரும்புக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் நல்லது செய்கிற ஒரே கருவி இதுதான். ஆனால் வாங்கி மாட்டினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். மிஷின் தூசியை உறிஞ்சும் டஸ்ட் கலெக்டர், காற்றை வெளியே விடுகிற அமைப்பாக இருந்தால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் 72 கன மீட்டர், சுமார் 2500 கன அடி. நிமிடத்துக்கு 1000 கன அடி இழுக்கும் கலெக்டர் இரண்டரை நிமிடத்தில் ஓர் அறைக் குளிர்ச்சி முழுவதையும் வெளியே கொட்டிவிடும். ஆகவே ஏசி வைத்தால் கலெக்டர் நுண்ணிய ஃபில்டரோடு உள்ளேயே காற்றைச் சுற்ற வேண்டும், அந்த ஃபில்டர் மட்டமானதாக இருந்தால் நுண்தூசியும் சேர்ந்து சுற்றும்.

அப்புறம் மோட்டார்கள். ஒரு டன் ஏசி எடுப்பது சுமார் 3.5 கிலோவாட் வெப்பம். டேபிள் சா மிஷினும் கலெக்டரும் சேர்ந்து 3 கிலோவாட் இழுத்தால் அந்தக் கரண்ட் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் மிஞ்சும். நல்ல வேளை, நாம் தொடர்ந்து அறுப்பதில்லை. மூன்றும் ஒரே லைனில் இருந்தால் ட்ரிப் ஆகும், ஏசிக்குத் தனி லைன் வேண்டும். ஏசியின் உள் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும், வீட்டு ஏசி மாதிரி மாதக்கணக்கில் விட்டால் உள்ளே இருக்கும் குளிர்க்குழாய்ச் சுருள் மாவு பூசினாற்போல் ஆகிவிடும். இன்னொன்று, குளிர்ந்து கிடக்கும் இரும்பு மேசை இருக்கும்போது ஈரமான வெளிக்காற்றுக்கு ஷட்டரை அகலத் திறந்தால் மேசை வியர்க்கும், மறுபடியும் துரு. சாத்திய ஏசி அறையில் லாக்கர் என்கிற மெருகுப் பூச்சை ஸ்ப்ரே அடிப்பதை மட்டும் தயவுசெய்து நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், அந்த ஆவி தீப்பிடிக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, முதல் காசை எங்கே போடுவேன் என்றால் கூரையில். மத்தியானம் தகரத்தில் கை வைக்க முடியாது, அந்தச் சூடு கதிராக நேரே உச்சந்தலையில் இறங்குகிறது. ஃபேன் காற்றைத்தான் அசைக்கும், கதிரை அசைக்காது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு மேலே, கொஞ்சம் காற்று இடைவெளி விட்டுப் பளபளப்புத் தாளோ தடுப்புப் பலகையோ கீழே. வெள்ளையில் தூசி படிந்தால் பலன் குறையும், கோடைக்கு முன் கழுவிவிடுங்கள். தெர்மாகோல் வகைப் பலகையைத் திறந்தபடி விடக் கூடாது, கிரைண்டர் பொறியும் மரத்தூளும் உள்ள இடம் அது, மேலே தீயைத் தாங்கும் போர்டு அடித்து மூடுங்கள். இதைச் செய்த பிறகு வாங்கும் ஏசி சின்னதாகவே போதும். நான் தலைகீழாகச் செய்தேன், முதலில் ஏசி, அடுத்த வருஷம்தான் கூரை. நடுவில் ஒரு கோடை முழுக்க ஏசி நிற்காமல் இரைந்தது.

நேரத்தை மாற்றுவதற்குச் செலவே இல்லை. இரவு பத்து மணிக்கு வேலை செய்யாதீர்கள், பகலில் குடித்த சூட்டைச் சுவர் அப்போதுதான் கக்கிக்கொண்டிருக்கும். காலை ஐந்து மணிதான் நாளிலேயே குளிர்ச்சி. ஆனால் ஐந்து மணிக்குப் பிளேனர் என்கிற இழைப்பு மிஷினை ஓட்டினால் தெருவே திரண்டு வரும். ஆகவே மிஷின் வேலை முந்தின மாலை, உளியும் கை இழைப்புளியும் பசையும் விடியலில். வெக்கையில் வெள்ளைப் பசை கிளாம்ப் மாட்டுவதற்குள் தோல் கட்டிவிடும், விடியலில் நிதானமாகப் பொருத்தலாம். அதே விடியல் ஷெல்லாக் என்கிற அரக்கு மெருகுக்கு ஆகாது, காற்றில் ஈரம் அதிகம் என்றால் வெள்ளையாகப் பூத்துவிடும், அதற்கு ஒன்பது, பத்து மணி ஆகட்டும்.

இப்போது என்னிடம் இருப்பது கூரைப் பூச்சு, சின்ன ஸ்பிலிட், மூலையில் ஒரு எக்ஸாஸ்ட். மரம் அறுக்கும்போது ஏசி போடுவதில்லை, பொருத்தும்போதும் அளக்கும்போதும்தான். அப்படியும் வியர்வை நிற்கவில்லை. போன வாரம் இழைத்து முடித்த வெளிர் மரத்தில் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது, துடைத்தேன், நார் எழும்பி அந்த இடம் மட்டும் சொரசொரத்தது. நெற்றியில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு மறுபடி இழைத்தேன்.