பூட்டின் முன்னால் இரண்டேமுக்கால் மணி நேரம்

இரவு ஒன்பதரைக்கே நாடகக்காரர்கள் வந்துவிட்டார்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லோரும் வேனை விட்டு இறங்கி நிற்க, நாடக மேடை இருக்கிற பூங்காவின் வாசலில் பூட்டு தொங்குகிறது. பாயும் பிள்ளைகளுமாக வந்த பெண்கள் சாலையோரத்திலேயே விரித்து உட்கார்ந்தார்கள். எழுபத்தெட்டு வயது அம்மாவுக்கு டீக்கடையிலிருந்து ஒரு நாற்காலி கிடைத்தது. மேடைக்குப் பணம் கட்டிய ரசீது என் சட்டைப் பையில் இருந்தது. சாவி வைத்திருந்தவர் பரமக்குடியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்.

அப்பா நினைவாக ஒரு இரவு முழுக்கப் பாட்டோடு நடக்கும் ஸ்பெஷல் நாடகம் வைக்கவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அந்த ரசீதுக்கே இரண்டு நாள் அலைந்தேன். இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டுமாம். ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வருமாம். என்னிடம் இருப்பது சிங்கப்பூர் எண். கடைசியில் டீக்கடைப் பையன் தன் கைபேசியைக் கொடுத்தான். சிங்கப்பூரில் எங்கள் சமூக மன்றத்தில் மண்டபம் எடுத்தால், போய்ச் சேரும்போது கதவு திறந்திருக்கும், விளக்கு எரியும். அங்கே பதினெட்டு வருடத்தில் ஒரு நாளும் நான் சாவியைத் தேடியதில்லை.

ஆத்திரத்துக்குக் காரணம் தாமதம் மட்டுமல்ல. கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடையில் இருக்கிற எங்கள் ஊரில், இந்த மேடையை எந்த அலுவலகமும் கட்டவில்லை. முதலில் இருந்தது பனங்கையும் ஓலையுமான கொட்டகை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் அதையும் கொண்டுபோயிற்று. ஊர் கூடிக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டது. வரி கொடுக்க முடியாதவர்கள் கல் சுமந்தார்கள். கரைவலைக்காரர்கள் ஒரு நாள் மீன்பாட்டை அப்படியே கொடுத்தார்கள். கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்திருந்தவர்கள் பணம் அனுப்பினார்கள். அப்பா அப்போது பள்ளிக்கூடப் பையன். சுண்ணாம்புக் காரைக்குக் கடுக்காய் இடித்த கதையைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சுவர் முழுக்க முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளும் 1986-இல் கடல் தேசியப் பூங்கா ஆகிவிட்டன. பவளப்பாறையை இன்று யாரும் தொடமுடியாது. இனி இப்படி ஒரு சுவர் எழும்பாது.

கட்டியவர்களின் கணக்கையும் சொல்லவேண்டும். மேடை கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறது. கடலிலிருந்து வீசும் கச்சான் காற்று பின்சுவரில் மோதி மேலேறிப் போகும், முன்னால் பாடுகிற குரலை ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒலிபெருக்கி இல்லாத நாளிலும் வடக்குத் தெருவில் பாட்டுக் கேட்டதாக அம்மா சொல்வாள். நாடகம் இல்லாத மாலைகளில் பஞ்சாயத்து ரேடியோ. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து இலங்கை வானொலி அடுத்த வீட்டுப் பேச்சுப் போலக் கேட்கும். சாவி எப்போதும் டீக்கடை ஆணியில் தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திறப்பார்கள்.

பன்னிரண்டேகாலுக்குச் சாவி வந்தது. அதற்குள் ஆர்மோனியக்காரர் வேன் படியில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்திருந்தார். ஸ்திரீபார்ட் அம்மாள் ஒப்பனை கலையாமல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பாடினார். 1922-இல் மறைந்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு, பூட்டிய கதவுக்கு வெளியே, சாலையில். அம்மா அழுதுவிட்டாள். அந்தக் குரலைக் கேட்க நான் எத்தனை டாலர் வேண்டுமானாலும் கொடுப்பேன். ஆனால் பபூன் முதலில் வந்து சிரிக்கவைக்கிற காட்சி இல்லாமலே நாடகம் தொடங்கிற்று. நேரமில்லை என்று அதை விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் விழித்திருந்ததே அதற்காகத்தான்.

விடிந்து வெளிச்சம் வந்தபோதுதான் பக்கச் சுவரைப் பார்த்தேன். வரி கொடுத்தவர்கள், கல் சுமந்தவர்கள் பெயர் வெட்டிய கல்லின்மேல் பச்சை டிஸ்டெம்பர் அடித்திருக்கிறார்கள். விரலால் தடவினால்தான் எழுத்து தட்டுப்படுகிறது. சிங்கப்பூர்ப் பூமலையில், அதாவது அங்குள்ள தாவரவியல் பூங்காவில், 1930-இல் கட்டிய இசை மண்டபம் ஒன்று இருக்கிறது. இன்றும் பளிச்சென்று வெள்ளையடித்து வைத்திருக்கிறார்கள், கல்யாண ஜோடிகள் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதைக் கட்டியது அரசாங்கம். எங்கள் மேடையைக் கட்டியவர்கள் மீன் விற்ற காசில் கட்டினார்கள்.

கிளம்புவதற்கு முன், மேடையை இப்போது வைத்திருக்கிற அலுவலகத்தில் மனு கொடுத்தேன். இரண்டே கோரிக்கைதான்: மாற்றுச் சாவி ஒன்று டீக்கடையில் இருக்கவேண்டும்; கல்லின்மேல் உள்ள பெயிண்டைச் சுரண்டி எடுக்கவேண்டும். முத்திரை வைத்து ஒப்புகைச் சீட்டு தந்தார்கள். அதை அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை போய்க் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.