கழுத்து தானாகத் திரும்புகிறதா? பேக்கேஜுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்

என் அக்காவின் தலை தானாக இடப்பக்கம் திரும்பிக்கொள்ளும். நேராக்கினால் வெடுக்கென்று மறுபடி இழுக்கும். முழுக் குணம் உறுதி என்று சொல்லி, முதுகெலும்புச் சிகிச்சை மையம் ஒன்று பேக்கேஜ் பணம் முழுவதையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டது.

ஸ்கேனைப் பார்த்ததும் தேய்மானம் என்றார்கள். நடுவயதைத் தாண்டிய பலருக்கும் ஸ்கேனில் கொஞ்சம் தேய்மானம் தெரியும். அதனால் தலை இப்படித் திரும்பிக்கொள்ளாது. முதலில் காலர், பிறகு எடை கட்டி இழுப்பது, அப்புறம் கழுத்தைப் பிடித்துச் சடாரென்று திருகி நெட்டி எடுப்பது. அப்படித் திருகியதில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு, அபூர்வமாகத்தான் என்றாலும். அங்கே ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வலி கூடியபோது, "தசை இளகுது, அப்படித்தான் இருக்கும்."

தாடையில் ஒரு விரலை வைத்தால் அக்காவின் தலை நேராகிவிடும். அழுத்த வேண்டாம், தொட்டாலே போதும். அவர்கள் எதிரிலேயே செய்து காட்டினாள். "பார்த்தீங்களா, எல்லாம் மனசுதான்" என்று சிரித்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நரம்பியல் மருத்துவர் அந்த விரலைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு முறை செய்யச் சொன்னார். எந்தத் தசை புடைத்திருக்கிறது என்று தடவிப் பார்த்தார், வாந்திக்கோ மனநலத்துக்கோ மாத்திரை சாப்பிட்டாளா என்று விசாரித்தார். சில மருந்துகளாலும் இப்படி இழுக்குமாம். கடைசியில் செர்விகல் டிஸ்டோனியா என்றார். மூளையிலிருந்து தசைக்கு வரும் கட்டளையில் கோளாறு. தொட்டால் நேராவது இந்த நோயின் முக்கிய அடையாளங்களில் ஒன்று. ஸ்கேன் எடுப்பதே வேறு காரணம் இல்லை என்று உறுதிசெய்யத்தான்.

இழுக்கும் தசைகளைக் கண்டுபிடித்து அவற்றில் மட்டும் போட்டுலினம் ஊசி போடுகிறார்கள். ஓரிரு வாரத்தில் பிடிப்பு தளர ஆரம்பிக்கும், ஏறக்குறைய 3 மாதம் தாங்கும், பிறகு மறுபடி போட வேண்டும். முழுக் குணம் இல்லை என்பதையும், விழுங்கச் சிரமப்பட்டால் உடனே வர வேண்டும் என்பதையும் மருத்துவர் ஊசிக்கு முன்பே சொல்லிவிட்டார். ஊசி பலிக்காதவர்களுக்கு மூளையில் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சை இருக்கிறது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

இதே தொந்தரவு இருந்தால் நேராக நரம்பியல் மருத்துவரிடம் போங்கள், அதிலும் அசைவுக் கோளாறுகளைப் பார்ப்பவராக இருந்தால் நல்லது. யாரையும் கழுத்தைத் திருக விடாதீர்கள்.

பணம் இன்னும் வரவில்லை. மீதி அமர்வுகள் காலாவதியாகப் போகின்றன என்று மட்டும் மையத்திலிருந்து தவறாமல் மெசேஜ் வருகிறது.