மேய்ச்சல் நிலம் பார்க்க கோப்பர்நிக்கஸ் பிரவுசர்: ஒரு செம்மறிக்காரனின் மதிப்புரை

கல்லல் பக்கம் செம்மறி வளர்க்கிறேன். எந்தக் கண்மாய் உள்வாயில் புல் எழும்புகிறது, எப்போது காய்கிறது என்று தெரிந்தால்தான் எங்களுக்குப் பிழைப்பு. அதற்கு நான் நம்பிப் பார்ப்பது செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் ஐரோப்பிய ஒன்றியத்தின் இந்த இணையதளம். காசு கிடையாது.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது சென்டினல்-2 என்ற செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்கள். முதல் செயற்கைக்கோள் 2015இல் போனது. 2017இல் இரண்டாவதும் சேர்ந்ததும் 5 நாளுக்கு ஒரு படம் என்றானது. ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சும், அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இந்த வித்தியாசத்தை வைத்துக் கணக்கிடும் எண்தான் என்டிவிஐ. தண்ணீருக்கு அது பெரும்பாலும் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அடர்ந்த பச்சைக்கு 1ஐ நோக்கி ஏறும்.

தை, மாசியில் எங்கள் கண்மாயைப் பாருங்கள். தண்ணீர் உள்வாங்க உள்வாங்க, ஓரத்தில் ஒரு பச்சை வளையம் அதன் பின்னாலேயே இறங்கி வரும். அது ஈரத்தில் எழும்பும் கோரையும் அறுகும். "தம்பி, இப்போ ஓட்டிட்டுப் போனா மேவு கிடைக்குமா?" என்று சித்தப்பா கேட்டால் இந்த வளையத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் புல் துளிர்க்கும் நேரம் பார்த்து மேகம் மறைத்துவிடும். அந்த இரண்டு மாதமும் நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும். செம்மண் பொட்டலில் இன்னொரு சிக்கல்: புல் அடர்த்தி குறைவு, மண்தான் அதிகம் தெரியும். நனைந்து கறுத்த மண்ணுக்கும் காய்ந்த சரளைக்கும் ஒரே எண் வராது. இதற்காகவே 1988இல் ஹியூட் என்ற ஆய்வாளர் மண்ணின் தாக்கத்தைக் குறைக்கும் 'சாவி' (SAVI) என்ற கணக்கைக் கொடுத்தார். கணக்கைச் சொல்லும் சின்ன ஸ்கிரிப்ட் (நிரல்) ஒன்றைத் தளத்தில் போட்டால் அதுவும் இங்கேயே வரும். பொட்டலுக்கு அதைத்தான் சொல்வேன்.

அப்புறம், பச்சையெல்லாம் புல் என்று நம்பிவிடாதீர்கள். சீமைக்கருவேலமும் தைலமரமும் அதே பச்சைதான். சித்திரை வெயிலில் புல் சருகான பிறகும் எது பச்சையாக நிற்கிறதோ, அது பெரும்பாலும் மரம். மேய்ச்சல் புறம்போக்கில் கருவேலம் எவ்வளவு ஏறிவிட்டது என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. 2017 சித்திரைப் படத்தையும் இந்த ஆண்டுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்செடுத்து கிராம சபைக்குக் கொண்டு போங்கள்.