அளவீடும் என் காதும்: இரண்டு டிஏசிகளுடன் 3 வருடம்

என் மேசையில் 3 வருடமாக இரண்டு டிஏசிகள் (டிஜிட்டல் பாட்டை ஹெட்போனுக்கான மின் சிக்னலாக மாற்றும் கருவிகள்) இருக்கின்றன. முதலாவது அளவீடுகளில் அசத்துகிற ரகம்: சிக்னல்-இரைச்சல் விகிதம் 120 டெசிபல், டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) 0.0003 சதவீதம், 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் பாட்டுக் கோப்புகள் வரை வாங்கும். இரண்டாவது ஓவர்சாம்பிளிங் (பாட்டின் சாம்பிள்களுக்கு, அதாவது அளவெடுத்த புள்ளிகளுக்கு, இடையே கூடுதல் புள்ளிகளைக் கணக்கிட்டுச் சேர்ப்பது) இல்லாத, மின்தடை அடுக்கால் வேலை செய்யும் ஆர்-2ஆர் வகை, டிஸ்டார்ஷன் பல மடங்கு அதிகம். ஆனால் வேலை முடிந்து பாட்டுக் கேட்க உட்கார்ந்தால் கை தானாக இரண்டாவதைத்தான் தேடும். குரல் பக்கத்தில் வந்து நிற்பது மாதிரி இருக்கும், எத்தனை மணி நேரம் கேட்டாலும் காது வலிக்காது.

ஒரு வருடம் இதை "உயிர் இருக்கிறது" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் 100 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஓடவிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். முதலாவது 2 வோல்ட் தருகிறது, இரண்டாவது 2.4. அதாவது சுமார் 1.6 டெசிபல் கூடுதல் சத்தம். இவ்வளவு சின்ன வித்தியாசத்தைக் காது பெரும்பாலும் சத்தமாக உணராது, தெளிவாக, நெருக்கமாக இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்ளும். சத்தத்தைச் சமப்படுத்தியதும் நான் சொன்ன உயிரில் பாதி போய்விட்டது. உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

மீதிப் பாதி போகவில்லை. சிம்பல் ஒலி, "ச", "ஷ" எழுத்துகள் எல்லாம் இரண்டாவதில் மென்மைதான். காரணம் மாயமில்லை: 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டை ஓவர்சாம்பிளிங் செய்யாமல், ஒவ்வொரு சாம்பிளையும் அடுத்தது வரும்வரை அப்படியே பிடித்து வைத்தால் மேல் அதிர்வெண்கள் சரியும், 10 கிலோஹெர்ட்ஸில் சுமார் 0.75 டெசிபல், 20-இல் 3 டெசிபலுக்குச் சற்று மேல். அதே சரிவை ஈக்வலைசரில் போட்டு முதலாவதைக் கேட்டேன். வீட்டில் ஒருவரை ஒயர் மாற்றச் சொல்லி, எது எது என்று பார்க்காமல் 16 முறை சொன்னதில் 9 சரி. காசு சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும்.

ஆக எனக்குப் பிடித்தது கொஞ்சம் அடங்கிய ட்ரெபிள் (மேல் அதிர்வெண் ஒலி), டிஸ்டார்ஷன் இல்லை. என் ரசனை பொய்யில்லை, அதற்கு நான் சொன்ன காரணம்தான் தவறு.

ஸ்பெக் பக்கமும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். பெட்டியில் பெரிதாக அச்சடிக்கும் எண்கள் பெரும்பாலும் எனக்குப் பயன்படவில்லை. நான் கேட்பதில் பெரும்பகுதி 16 பிட், அதன் சிக்னல்-இரைச்சல் எல்லையே ஏறக்குறைய 96 டெசிபல். 768 கிலோஹெர்ட்ஸில் ஒரு பாட்டுகூட என்னிடம் இல்லை. ஆனால் முதலாவதன் ஹெட்போன் அவுட்புட் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கான எதிர்ப்பு) 10 ஓம் என்பது எங்குமே போடப்படவில்லை, நானே அளந்துதான் தெரிந்துகொண்டேன். என் இயர்போனின் இம்பீடன்ஸ் அதிர்வெண்ணைப் பொறுத்து 8 ஓமிலிருந்து 40 ஓம் வரை ஏறி இறங்கும். 10 ஓம் அவுட்புட்டில் அதைச் செருகினால் ஒலியின் சமநிலை 5 டெசிபல் வரை மாறுகிறது, 1 ஓம் அவுட்புட்டில் 1 டெசிபலுக்கும் குறைவு. டிஸ்டார்ஷனில் நான்காவது தசம இடத்துக்குச் சண்டை போடுகிறவர்கள் இந்த ஒரு எண்ணைக் கேட்டு வாங்கலாம்.

இப்போது முதலாவதைத்தான் பயன்படுத்துகிறேன், ஹெட்போனுக்குத் தனி ஆம்ப் வைத்து. கூர்மையாக மாஸ்டர் செய்த (இறுதி ஒலி அமைத்த) ஆல்பங்களுக்கு ஈக்வலைசர் ஆன், நிதானமாகப் பதிவு செய்தவற்றுக்கு ஆஃப். இரண்டாவதில் இந்த வசதி கிடையாது, எல்லாப் பாட்டையும் ஒரே மாதிரி மென்மையாக்கிவிடும்.