நிறைகுடமும் தளும்பும்: 66 மஸ்டாங்கின் ஆயில் பேன், ஐந்து சீசன் அனுபவம்

ஓட்டம் முடிந்து, கடைசி கோன்களைத் தாண்டி வண்டியை நிறுத்தும்போது பானெட்டுக்கு அடியிலிருந்து 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும். நாலைந்து நொடிதான். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல எஞ்சின் அமைதியாகிவிடும். முதல் சீசன் முழுக்க அதை வால்வ் இடைவெளிக் கோளாறு என்றே நினைத்திருந்தேன். வால்வ் கவரைக் கழற்றி இரண்டு முறை அட்ஜஸ்ட் செய்தும் பார்த்தாயிற்று. வால்வைத் தூக்கிவிடும் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் எண்ணெயால் நிறைந்திருக்க வேண்டியவை, அவை எண்ணெயோடு காற்றையும் குடித்துப் போடும் சத்தம் அது என்று புரிந்தபோது, கனெக்டிங் ராட் பேரிங்குகள் உள்ளே செம்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தன.

வண்டி 1966 ஃபோர்டு மஸ்டாங் கூபே. 289 கன அங்குல வி8, நான்கு கியர் மேனுவல். நான் இருப்பது அமெரிக்காவில், கான்சாஸ் சிட்டிக்குப் பக்கம். ஏப்ரலில் இருந்து அக்டோபர் வரை மாதம் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆட்டோகிராஸில் போகும். தெரியாதவர்களுக்கு: பெரிய காலி மைதானத்தில் ஆரஞ்சு கோன்களை வைத்துப் பாதை போடுவார்கள். ஒவ்வொருவராக, கடிகாரத்தோடு போட்டி போட்டு ஓட்ட வேண்டும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், இரண்டாவது கியரைத் தாண்டத் தேவையிருக்காது. ஒரு கோனைச் சாய்த்தால் 2 வினாடி அபராதம். 'இவ்வளவு மெதுவான விளையாட்டுக்கு ஆயில் பேனையா மாற்ற வேண்டும்?' என்று என் மனைவி கேட்டாள். ஆயில் பேன் என்பது எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி, நம் ஊரில் ஆயில் சேம்பர் என்போமே, அதுதான். நியாயமான கேள்விதான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

சிக்கல் வேகத்தில் இல்லை, டயரில் இருக்கிறது. இந்த வண்டி வடிவமைக்கப்பட்ட காலத்தின் ஒல்லியான பழைய பாணி பயஸ் டயர்கள் வளைவில் சீக்கிரமே வழுக்கிவிடும். எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்குவதற்குள் வண்டியே ஒதுங்கிவிடும். இன்று நாம் மாட்டும் 200 ட்ரெட்வேர் (தேய்மானக் குறியீட்டு எண்) டயர்களோ நல்ல தரையில் 1 ஜி, அதாவது புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு விசை வரை பிடிக்கும். 1 ஜி என்றால் பேனுக்குள் எண்ணெயின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்து நிற்கும். தாம்பாளத்தில் தண்ணீரை ஊற்றி அதைப் பாதி செங்குத்தாகத் தூக்கிப் பிடித்தது போல. அந்த நேரத்தில் பம்பின் உறிஞ்சு வாய், அதாவது பிக்கப், எண்ணெய்க்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதில்தான் எஞ்சினின் ஆயுள் இருக்கிறது.

பழைய மஸ்டாங்குகளில் எண்ணெய் தேங்கும் பள்ளம் முன்பக்கம் இருக்கும். பின்னால் இரண்டு சக்கரங்களையும் இணைத்துத் திருப்பும் ஸ்டீயரிங்கின் சென்டர் லிங்க் குறுக்கே போவதால் வேறு வழியில்லை. பிரேக் பிடிக்கும்போது எண்ணெய் முன்னால் வரும், அது நமக்கு நல்லது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பின்னால் ஓடும். வளைவில் வெளிப்பக்கச் சுவரில் ஏறும். இந்த இரண்டும் சேர்ந்து வரும் இடம் ஒன்று உண்டு: நீண்ட வளைவின் முடிவில், ஸ்டீயரிங்கை இன்னும் நேராக்காமலேயே காலை அழுத்தும் அந்த ஒரு வினாடி. என் எஞ்சின் செத்துப் பிழைத்ததெல்லாம் அங்கேதான். ஸ்லாலமில், அதாவது வரிசையான கோன்களுக்கு நடுவே நெளிந்து, இடமும் வலமும் ஆடும்போது எண்ணெய் திரும்பத் திரும்ப நடுவைக் கடக்கிறது, ஆபத்து குறைவு. புதிதாக வருபவர்கள் ஸ்லாலமைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள்.

இதையெல்லாம் நான் கேஜைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஃபேக்டரி ஆயில் கேஜின் முள் சோம்பேறி. அழுத்தம் விழுந்து எழுந்தபிறகும் அது நடுவிலேயே நின்றிருக்கும். தனியாக ஒரு சென்சார் போட்டு, கேமராவோடு அழுத்தத்தையும் பதிவு செய்தபிறகுதான் உண்மை தெரிந்தது. 5,000 ஆர்பிஎம்மில் 55 பிஎஸ்ஐ இருந்தது, ஒரு இடது ஸ்வீப்பரில் (நீண்ட வளைவில்) ஒரு வினாடி 12க்குப் போய்த் திரும்பியது. 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ வேண்டும் என்பது இங்கே பழைய கைகள் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்குப்படி எனக்கு 50 இருந்திருக்க வேண்டும். பேன் வாங்க யோசிப்பவர்கள் முதலில் சென்சாரை வாங்குங்கள். உங்கள் வண்டிக்குப் பேன் தேவையே இல்லை என்றுகூடத் தெரியவரலாம்.

முதல் வைத்தியம் எல்லோரும் செய்வதுதான், எண்ணெயைக் கூட்டி ஊற்றுவது. 289க்கு ஃபில்டரோடு சேர்த்து 5 க்வார்ட், ஏறக்குறைய 4.7 லிட்டர். (எஞ்சினின் கொள்ளளவும் 4.7 லிட்டர்தான், வேடிக்கையான பொருத்தம்.) நான் ஆறாவது க்வார்ட்டையும் ஊற்றினேன். நிறைகுடம் தளும்பாது என்று சின்ன வயதில் படித்ததை எஞ்சினிடம் சொல்லிப் பயனில்லை. சத்தம் குறைந்தது உண்மை. ஆனால் சுழலும் கிராங்க் மட்டம் உயர்ந்த எண்ணெயை மத்து போலக் கடைய ஆரம்பித்தது. எஞ்சின் மூச்சுவிடும் ப்ரீத்தர் வழியாக எண்ணெய் கக்கி, வால்வ் கவரெல்லாம் பிசுபிசுப்பு. நுரைத்த எண்ணெயைப் பம்ப் இறைத்தாலும் அதில் பாதி காற்று. அரை க்வார்ட் கூடுதலாக விடுவதில் எனக்கு இன்றும் ஆட்சேபம் இல்லை. ஒன்று முழுதாக வேண்டாம்.

இரண்டாவது வைத்தியம் முட்டாள்தனம், காசு கொடுத்து வாங்கிய முட்டாள்தனம். 'அதிகக் கொள்ளளவு' என்று விற்ற ஆழமான பேன் ஒன்றை வாங்கினேன். யாருடையது என்று சொல்லப்போவதில்லை, அவர்கள் அதை நேர்க்கோட்டில் ஓடும் டிராக் ரேஸ் (drag race) வண்டிகளுக்குத்தான் செய்திருந்தார்கள், தவறு என்னுடையது. ஆழம் இருந்ததே தவிர உள்ளே தடுப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, வெறும் கிணறு. அதோடு என் வண்டியின் முன்பக்கம் ஏற்கெனவே தாழ்ந்தது. முன் சஸ்பென்ஷனின் மேல் கன்ட்ரோல் ஆர்மின் பிவட்டை 1 அங்குலம் கீழே இறக்கும் 'ஷெல்பி டிராப்' செய்து, ஸ்பிரிங்கும் குட்டையாகப் போட்டிருந்தேன். பேனின் அடி, எஞ்சினுக்குக் கீழே போகும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பருக்கும் கீழே தொங்கியது. ஒரு பெட்ரோல் பங்க் ஏற்றத்தில் 'டங்' என்று ஒரு அடி. வெளியே பார்த்தால் சின்ன நசுங்கல்தான், ஒழுகல் இல்லை, அப்படியே ஓட்டினேன். அடுத்த போட்டியில் ஆர்பிஎம் ஏற ஏற அழுத்தம் இறங்கியது. நசுங்கிய தரை மேலே எழும்பி பிக்கப்பின் வாயை அடைத்திருந்தது. நம் ஊரில் ஸ்பீடு பிரேக்கரில் ஆயில் சேம்பர் அடிபட்டு ஒழுகினால் உடனே தெரிந்துவிடும். ஒழுகாமல் நசுங்கினால்தான் ஆபத்து என்று அன்றைக்குக் கற்றேன்.

சரி, மூன்றாவதுக்கு வருவோம். இதைத்தான் ஐந்து சீசனாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

கீழே இறங்காமல் பக்கவாட்டில் அகலும் பேன். மேலிருந்து பார்த்தால் ஆங்கில டி (T) எழுத்து போல இருப்பதால் டி-பேன் என்பார்கள். புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1965 ஷெல்பி ஜிடி350இலேயே 6.5 க்வார்ட் கொள்ளும் வார்ப்பு அலுமினியப் பேன் இருந்தது. அதன் நகல்கள் இன்றும் கிடைக்கின்றன, விசிறி விசிறியாக வரிகளோடு அவ்வளவு அழகு. ஒரு மாதம் ஆசைப்பட்டுவிட்டு விட்டுவிட்டேன். இரும்புத் தகடு அடிபட்டால் நசுங்கும், வார்ப்பு அலுமினியம் விரிசல் விட்டுவிடும். பெட்ரோல் பங்க் அனுபவத்துக்குப் பிறகு அழகைவிட நசுங்குவதே மேல் என்று பட்டது. இரும்பில் கேன்டன், மொரோசோ, ஏவியெய்ட் என்று பலர் செய்கிறார்கள். வாங்கும்போது நான் கொள்ளளவைக் கடைசியாகத்தான் பார்த்தேன், முதலில் பார்த்தது உள்ளே இருக்கும் கதவுகளை.

கிராமத்தில் தண்ணீர்க் குடத்தை வண்டியில் ஏற்றும்போது மேலே ஒரு வேப்பங்கொத்தைப் போட்டு வைப்பார்கள், அலம்பிச் சிந்தாது. சாதாரணத் தடுப்புத் தகடு செய்வது அவ்வளவுதான், அலையை அடக்கும். ட்ராப் டோர் என்னும் கீல் கதவு இன்னும் ஒரு படி மேலே. வயல் மதகு போல அது ஒரு பக்கம்தான் திறக்கும். எண்ணெய் பிக்கப்பை நோக்கி வந்தால் வழி விடும், விலகி ஓடப் பார்த்தால் மூடிக்கொள்ளும். இடம், வலம், பின் என்று மூன்று பக்கமும் கதவு இருக்க வேண்டும். இரண்டு பக்கம் மட்டும் கதவு வைத்துப் பின்பக்கத்தை வெறும் தகட்டால் அடைத்த பேன்களும் உண்டு. முன்பள்ள வண்டிக்கு எண்ணெய் அதிகம் விலகி ஓடுவதே பின்பக்கம்தான், அதனால் அவற்றைத் தவிர்த்தேன்.

பிக்கப்பை அந்தப் பேனுக்கென்றே செய்ததாக வாங்குங்கள். பழைய பிக்கப் பம்பில் இரண்டு போல்ட்டில் கச்சிதமாக உட்காரும், அதுதான் சபலம். ஆனால் அதன் வாய் புதுப் பேனின் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது வேறு விஷயம். பிள்ளைகளின் களிமண்ணை ஒரு உருண்டை பிக்கப்பின் அடியில் ஒட்டி, கேஸ்கட்டோடு பேனை வைத்து அழுத்திக் கழற்றினேன். களிமண்ணின் கனம் 3/8 அங்குலம் வந்தது, அது போதும். கால் அங்குலத்துக்குக் கீழே போனால் பம்ப் மூச்சுத் திணறும், அரைக்கு மேல் போனால் காற்றை உறிஞ்ச வாய்ப்பு.

இன்னொரு சின்ன விஷயம். இந்த எஞ்சினில் டிப்ஸ்டிக் டைமிங் கவர் வழியாக இறங்குகிறது. புதுப் பேனுக்கு அதன் பழைய கோடு பொய் சொல்லும். நான் அளந்து 8 க்வார்ட் ஊற்றி, ஃபில்டரும் நிறைந்தபிறகு, எண்ணெய் நிற்கும் இடத்தில் அரத்தால் புதுக் கோடு போட்டேன். பிற்கால ஃபாக்ஸ் மஸ்டாங்கின் 5.0 எஞ்சினைப் பழைய வண்டியில் இறக்கியவர்களுக்கு வேலை இன்னும் கூடுதல். அதில் பள்ளம் வேறு இடம், ஆகவே முன்பள்ளப் பேன், பிக்கப், டிப்ஸ்டிக் துளையுள்ள டைமிங் கவர் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மாட்டுவதற்கு எனக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின. எஞ்சின் மவுண்டைத் தளர்த்தி, எஞ்சினைக் கொஞ்சம் தூக்கி, அடியில் போல்ட்டில் நிற்கும் கிராஸ்மெம்பரைக் கழற்றி, சென்டர் லிங்க்கையும் இறக்கினால்தான் பேன் வரும். திரும்ப மாட்டியதும் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பி, டி-யின் சிறகுகளில் எதுவும் உரசவில்லையே என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு ஹெடர் (புகைபோக்கிக்) குழாய்க்கும் சிறகுக்கும் நடுவே விரல்தான் நுழையும். ராக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் கிட் போட்டவர்கள் பணம் கட்டுவதற்கு முன் அளந்துவிடுங்கள், பல கிட்டுகளோடு அகலப் பேன் ஒத்துப்போகாது.

கேஸ்கட்டுக்குப் பழைய நாலு துண்டு கார்க் வகையை மறந்துவிடுங்கள். உள்ளே இரும்பு வைத்த ஒரே துண்டு ரப்பர் கேஸ்கட் கிடைக்கிறது. அதோடு பேன் இறங்கியிருக்கும்போதே கிராங்க்கின் பின்முனையில் எண்ணெயை அடைத்து நிற்கும் பின் மெயின் சீலையும் பார்த்துவிடுங்கள். 66இல் அது கயிறு சீல். ரப்பர் சீலுக்கு மாறினால் மெயின் கேப்பில் கயிற்றைப் பிடிக்க வைத்திருக்கும் சின்ன ஊசியை எடுக்க வேண்டும். எடுக்காமல் மாட்டிவிட்டு, பேன் கேஸ்கட் ஒழுகுகிறது என்று கேஸ்கட்டைத் திட்டும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்து சீசனின் கணக்கு இது. அதே மைதானம், அதே மாதிரி இடது ஸ்வீப்பர், 12க்கு விழுந்த அழுத்தம் இப்போது 40க்குக் கீழே போவதில்லை. லிஃப்டர் சத்தம் முதல் நாளே நின்றது. ஒரே ஒரு முறை 30ஐத் தொட்டது, நெப்ராஸ்கா மாநிலம் லிங்கனில். ஒவ்வொரு செப்டம்பரும் எஸ்சிசிஏ (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) சங்கத்தின் தேசிய ஆட்டோகிராஸ் போட்டியான சோலோ நேஷனல்ஸ் அங்கேதான் நடக்கும், என் வீட்டிலிருந்து மூன்று மணி நேர ஓட்டம். இரண்டு நாள், இரண்டு பாதை, ஒவ்வொன்றிலும் மூன்று ஓட்டம். தரை கான்கிரீட், நம் உள்ளூர் தார்த் தரையைவிட எவ்வளவோ அதிகம் பிடிக்கும். உள்ளூரில் சரியாக இருந்தது என்று எண்ணெயை அளக்காமல் போனேன், அரை க்வார்ட் குறைந்திருந்தது. என் பெயர் முடிவுப் பட்டியலின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது, அதற்குப் பேன் பொறுப்பல்ல.

குறைகளும் உண்டு. முதல் சீசனிலேயே ஒரு சிறகின் மூலையில் வெல்டில் ஊசித்துளை, வாசலில் தினம் ஒரு சொட்டு. இறக்கி மறுபடி வெல்ட் வைக்க இன்னொரு வார இறுதி போயிற்று. புதுப் பேன் எதுவானாலும் மாட்டுவதற்கு முன் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு இரவு செய்தித்தாள் மேல் வைத்துப் பாருங்கள், தண்ணீர் கசியாத இடத்திலும் அது கசியும். உள்ளே வெல்ட் துகளும் கிடக்கும், கழுவாமல் மாட்டாதீர்கள். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் 8 க்வார்ட், அதுவும் பழைய பாணி ஃப்ளாட் டாப்பெட் கேம் தேயாமல் இருப்பதற்காகத் துத்தநாகம் அதிகமுள்ள எண்ணெய், செலவு உறைக்கிறது. சூடாகவும் நேரம் பிடிக்கிறது. ஒரு நிமிடம் ஓடி இருபது நிமிடம் நிற்கும் விளையாட்டில் எண்ணெய் சூடாவதே அபூர்வம். அதனால் 20டபிள்யூ50ஐ விட்டு 10டபிள்யூ30க்கு வந்தேன், ஆயில் கூலர் யோசனையையும் கைவிட்டேன்.

அக்யூசம்ப் வேண்டாமா என்று கேட்பார்கள். அழுத்தத்தோடு எண்ணெயைத் தனி உருளையில் சேர்த்து வைத்து, எஞ்சினில் அழுத்தம் விழும்போது திருப்பி விடும் சாதனம் அது. நல்ல பொருள். பெரிய பந்தயத் தடத்தில் நிமிடக் கணக்கில் ஓடுபவர்கள் போடட்டும். எனக்குப் பேன், பிக்கப், கேஸ்கட் எல்லாம் சேர்த்து 500 டாலரை ஒட்டி முடிந்தது, அதில் பிரச்சினையும் முடிந்தது. எண்ணெயைப் பேனில் இல்லாமல் தனித் தொட்டியில் வைக்கும் ட்ரை சம்ப் பேச்சை யாராவது எடுத்தால் நான் டீ குடிக்கப் போய்விடுவேன்.

இந்தக் குளிர்காலத்தில் பேனை மறுபடி இறக்கியிருக்கிறேன். பேரிங்குகள் மங்கிய சாம்பல் நிறத்தில், செம்பு எங்கும் தெரியாமல் இருக்கின்றன. பின்பக்கக் கதவின் கீல் ஊசி மட்டும் கொஞ்சம் ஆடியது. அது கழன்று விழுந்தால் பிக்கப்பின் வாயில்தான் போய் நிற்கும் என்பதால் ஊசியை மாற்றி முனையில் ஒரு பொட்டு வெல்ட் வைத்தேன். இப்போது பெஞ்சில் மண்ணெண்ணெயோடு உட்கார்ந்திருக்கிறது. காலையில் அடியில் விரித்த செய்தித்தாள் காய்ந்திருந்தால் மாட்டிவிடுவேன்.